மஞ்சள் அட்டையில் எழுதாமல் விட்ட வரி

போன மாதக் கடைசியில் என் மகன் தன் பைக்கைத் தூங்க வைத்தான். அப்படித்தான் அவன் சொல்கிறான். குளிர் தேசங்களில் பனி கொட்டும் மாதங்களில் பைக்கை மூடி வைப்பார்களாம். இங்கே அபுதாபியில் எல்லாம் தலைகீழ். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஓட்டுவார்கள். மே வந்தால் மூடிவிடுவார்கள். ஜூலை வெயிலில் ஹெல்மெட்டுக்குள் தலையை நுழைப்பதற்குப் பதில் இட்லிப் பானைக்குள் நுழைக்கலாம்.

எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தில், ஒரு தூணோரம் அவன் வேலை செய்தான். நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்து மூன்று வயதில் எனக்குக் கிடைத்திருக்கும் உத்தியோகம் இது. செல்போனைத் தூணில் சாய்த்து வைத்திருந்தான். அதில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லச் சொல்ல இவன் ஒவ்வொன்றாகச் செய்தான். பெட்ரோல் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி அதில் ஏதோ மருந்து ஊற்றினான். பேட்டரிக்குச் சின்னதாக ஒரு சார்ஜரை மாட்டினான். டயர்களுக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் "ரிலாக்ஸ்ப்பா" என்பான். அந்தச் சொல்லைக் கேட்டால்தான் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

கடைசியாக ஒரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் குலுக்கினான். பிறகு ஏதோ நினைவு வந்தவனாக அதைக் கீழே வைத்துவிட்டு, முன்சக்கரத்தின் பிரேக் டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் பையால் சுற்றி ஒட்டினான்.

"அது எதுக்குடா?"

"டிஸ்க்ல ஸ்ப்ரே படக் கூடாதுப்பா. பட்டா பிரேக் பிடிக்காது. பேஸிக் திங். இந்த ஆளு ரெண்டு தடவ வார்ன் பண்ணான்."

அவன் ஸ்ப்ரேயை அடித்தான். மண்ணெண்ணெயும் மெழுகும் கலந்து, கொஞ்சம் இனிப்பாக ஒரு வாசனை. நான் எழுந்து மேலே வந்துவிட்டேன். "வாசனை ஒத்துக்கலையாப்பா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதுவும் ஒருவகையில் உண்மைதான்.

அந்த வாசனையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். அபுதாபி நகரத்திலிருந்து மேற்கே இரண்டரை மணி நேரம் போனால் ருவைஸ். சுத்திகரிப்பு ஆலைகளும் கடலும் மணலும். அங்கே ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் எனக்குப் 'பிரிசர்வேஷன் இன்ஜினியர்' என்று பெயர். ஊரில் யாரிடமும் இதை விளக்கி ஜெயித்ததில்லை. என் மாமனார் கடைசிவரை நான் ஊறுகாய் கம்பெனியில் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தார். வேலை இதுதான்: ஆலையில் ஓடாமல் கிடக்கும் பம்பு, கம்ப்ரசர், கியர்பாக்ஸ் எல்லாம் கெட்டுப்போகாமல் காப்பது. ஓடுகிற இயந்திரத்தைவிட ஓடாத இயந்திரம்தான் சீக்கிரம் பாழாகும். ஈரம் வரும், உப்புக்காற்று வரும், துரு ஏறும். அதனால் உள்ளே எண்ணெய் நிரப்பி, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டு, வாய்களை அடைத்து, பெயின்ட் இல்லாத உலோகம் கண்ணில் பட்டால் அங்கெல்லாம் தேன் நிறத்தில் ஒரு எண்ணெயைப் பூசி வைப்போம். காய்ந்தால் மெல்லிய தோல் மாதிரி படிந்துவிடும். மற்ற பிரிவுக்காரர்கள் எங்களை 'மம்மி டிபார்ட்மென்ட்' என்பார்கள். எகிப்தில் பிணத்துக்குச் செய்ததை நாங்கள் பம்புக்குச் செய்கிறோமாம்.

இந்த வேலையில் உயிர்நாடி ஒரு மஞ்சள் அட்டை. டேக் என்போம். இயந்திரத்தில் என்ன நிரப்பினோம், எதை அடைத்தோம், ஓட்டுவதற்கு முன் எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கம்பியால் கட்டிவிடுவோம். இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவன் வந்து அதை ஓட்டுவான். பூசியவன் அப்போது வேலையை விட்டே போயிருப்பான். அட்டைதான் அவனோடு பேசும். அதனால் நான் என் ஆட்களுக்கு ஒரு பாடம் வைத்திருந்தேன். "டேக்கில் இல்லாதது மெஷினில் இல்லை." வாரம் ஒரு முறையாவது இதைச் சொல்வேன். இந்தியிலும் சொல்வேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருக்கும்.

கிறிஸ்துதாஸ் எனக்கு அறிமுகமானது இந்தப் பாடத்தால்தான். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன், என்னைவிட எட்டு வயது இளையவன், ஃபிட்டர். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு கியர்பாக்ஸுக்குள் ஈரம் உறிஞ்சும் பை ஒன்றை வைத்துவிட்டு அதை அட்டையில் எழுத மறந்துவிட்டான். நான் கண்டுபிடித்தேன். காலைக் கூட்டத்தில் இருபது பேர் முன்னால் அவனை நிறுத்தி, அந்த அட்டையை உரக்க வாசிக்கச் சொன்னேன்.

"பை எங்க இருக்கு, இதுல?"

"இதுல இல்ல சார்."

"அப்ப மெஷின்ல இருக்கா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "மெஷின்ல இருக்கு சார். ஆனா நீங்க இல்லங்கியளே."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வாசகத்தை அவனை மூன்று முறை சொல்ல வைத்தேன். சொன்னான். சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சார், மதியம் எனக்க சோத்துல மீன் இல்ல. டேக்க பாத்தேன், டேக்குலயும் இல்ல" என்றான். இந்த முறை என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அன்றிலிருந்து பழக்கம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலைக்குப் பிறகு அவன் ஒரு வரியைக்கூட விட்டதில்லை. அட்டையில் ஒவ்வொரு வரியையும் செய்து முடித்ததும் பக்கத்தில் பேனாவை அழுத்தி ஒரு டிக் போடுவான். இரும்பில் செதுக்குகிற மாதிரி. பின்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும். "மெதுவாப் போட்டா டிக் ஆவாதா?" என்று கேட்டால், "அழுத்திப் போட்டாத்தான் எனக்கு ஒறைக்கும் சார்" என்பான்.

ஒப்பந்தம் முடிந்து மணிலா போன ஒரு வெல்டரிடமிருந்து அவன் ஒரு பழைய ஜப்பான் பைக்கை வாங்கினான். இருநூற்றைம்பது சிசி, சிவப்பு, முன்னால் டிஸ்க் பிரேக். ஊரில் அப்போது அதெல்லாம் அபூர்வம். வெள்ளிக்கிழமைகளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கடலோரம் கூட்டிப்போவான். சுத்தமாக ஓட்டுவான். எல்லா நம்மூர்க்காரர்களையும் போல பின்பக்கக் கால் பிரேக்கைத்தான் மிதிப்பான். கை பிரேக்கைத் தொடவே மாட்டான். "முன்னாடி புடிச்சா தூக்கி எறிஞ்சிரும் சார்" என்பது அவன் சித்தாந்தம். அவசரத்துக்கு மட்டும்தான் அது.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டரை மாத லீவு. அந்த வருடம் ஜூன் கடைசியில் அவன் கிளம்பினான். கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, "சார், நம்ம வண்டியையும் ஒரு மம்மி ஆக்கிக் குடுங்க" என்றான்.

அந்த ஒரு நாளை என்னால் இன்றும் வரிசை தவறாமல் சொல்ல முடியும். கம்பெனி முகாமில் என் குடியிருப்புக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஒரு கொட்டகை. இரண்டு பேரும் லுங்கியோடு இறங்கினோம். பழைய ஆயிலை வடித்துப் புதியது ஊற்றினோம். பழையதில் அமிலம் இருக்கும், கோடை முழுக்க உள்ளே வைத்திருக்கக் கூடாது. பெட்ரோல் தொட்டியை நிறைத்தோம், உள்ளே காற்று இருந்தால் வியர்க்கும். கார்பரேட்டரைக் காலி செய்தோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அமுக்கி உள்ளே பரவவிட்டோம். பேட்டரியைக் கழற்றி என் அறைக்குள் வைத்தேன். புகைக்குழாயில் எண்ணெய்த் துணியை அடைத்தோம், இல்லாவிட்டால் பல்லி குடித்தனம் வைத்துவிடும். டயர்களில் காற்றைக் கூட்டி, வண்டியை மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்தோம். கடைசியாகப் பழைய வெள்ளை வேட்டி ஒன்றால் மூடினோம். பிளாஸ்டிக் போட்டால் உள்ளே புழுங்கும்.

காவல்காரர் ஒரு பட்டாணியர், பெரியவர். வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கியா சாப், கௌன் மர் கயா?" என்று கேட்டார். யார் செத்தது என்கிறார். கிறிஸ்துதாஸ் வேட்டியின் நுனியை இழுத்துச் சரிசெய்துகொண்டே, "சோத்தா ஹே பாய், சோத்தா ஹே" என்றான். தூங்குகிறதாம். என் மகன் இப்போது சொல்லும் அதே வார்த்தை.

நான் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து, ஆலையில் எழுதுவது போலவே, ஓட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை ஐந்து வரியாக எழுதினேன். புகைக்குழாய்த் துணி, சிலிண்டர் எண்ணெய், கார்பரேட்டர், பேட்டரி, டயர் காற்று. கீழே கையெழுத்து. ஹேண்டிலில் கம்பியால் கட்டினேன். அவன் அதை ஏதோ பட்டம் வாங்கியது போல நின்று பார்த்தான்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு மதியம் கொட்டகைக்குப் போனேன். ருவைஸில் ஆகஸ்ட் என்றால் வெயிலைவிட ஈரம்தான் கொடுமை. கண்ணாடி போட்டவன் வாசலைத் தாண்டினால் ஆவி படிந்து குருடன். வேட்டியைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. முன்சக்கரத்து டிஸ்க்கில் மட்டும் சிவப்பாகப் புள்ளி புள்ளியாகத் துரு. எனக்கு அவமானமாக இருந்தது, என் மேற்பார்வையில் துருவா என்று. உப்புத்தாளால் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. வந்ததும் கை தானாக எண்ணெய் டப்பாவிடம் போனது. பெயின்ட் இல்லாத உலோகத்தைப் பார்த்தால் பூச வேண்டும், அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பூசினேன்.

டிஸ்க்கில் எண்ணெய் இருந்தால் பிரேக் பிடிக்காது என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறியவன் நான். வண்டியை எடுப்பதற்கு முன் தின்னரால் துடைத்தால் போதும், துடைத்துக்கொள்ளலாம் என்றுதான் பூசினேன். அட்டையில் ஆறாவது வரியாக எழுத வேண்டும் என்றும் நினைத்தேன். சட்டைப் பையில் பேனா இல்லை. அறை இருபதடி தூரத்தில் இருந்தது. அங்கே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய், தண்ணீர் குடித்து, படுத்தவன் தூங்கிவிட்டேன்.

பிறகு நினைவு வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரமும் நினைவு வந்தது. அவன் செப்டம்பரில் சனிக்கிழமைதானே வருகிறான், வெள்ளிக்கிழமை லீவு நாளில் நானே துடைத்துவிட்டால் எழுத வேண்டிய அவசியமே இல்லையே என்று இருந்துவிட்டேன்.

அவன் வியாழக்கிழமையே வந்துவிட்டான். டிக்கெட் முன்கூட்டியே கிடைத்ததாம். நான் டியூட்டியில் இருந்தேன். பேட்டரியை என் அறைத்தோழரிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். கொட்டகையில் உட்கார்ந்து அட்டையைப் பார்த்துப் பார்த்து ஐந்து வேலையையும் செய்திருக்கிறான். பிறகு எனக்காக ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரிக்கொத்துப் பொட்டலத்தை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, என்னை ஆலை வாசலில் பார்த்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறான். முகாம் வாசலைத் தாண்டிய சரிவில் ஒரு தண்ணீர் லாரி திடீரென்று குறுக்கே திரும்பியது. அன்றைக்குத்தான் அவன் கை பிரேக்கைப் பிடித்தான்.

எனக்குச் செய்தி வந்தபோது அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, வலது கால்தான் என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். முதலில் முகாம் வாசலுக்குப் போனேன். பைக் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. டிஸ்க்கில் தோலாகப் படிந்திருந்த எண்ணெய் உரசிய சூட்டில் இளகி, சுழற்சியில் தெறித்து, முன்பக்கக் குழாய்களில் தேன் நிறக் கோடுகளாக வழிந்திருந்தது. ஹேண்டிலில் அட்டை அப்படியே இருந்தது. ஐந்து வரி. ஐந்து டிக், ஒவ்வொன்றும் அழுத்தி.

வண்டியை வேனில் ஏற்றுவதற்கு முன் ஒரு துணியில் தின்னரை நனைத்து டிஸ்க்கைத் துடைத்தேன். குழாய்களையும் துடைத்தேன். வெள்ளிக்கிழமை செய்வதாக இருந்த வேலையை ஒரு நாள் முன்னதாக, ஆனால் இரண்டு மணி நேரம் தாமதமாகச் செய்தேன். அட்டையை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சேஃப்டி ஆபீசர் வந்து கேட்டபோது, "சரிவில் மணல் கிடந்தது, சறுக்கியிருக்கும்" என்றேன். ருவைஸில் மணல் இல்லாத இடம் எது. அவர் எழுதிக்கொண்டார். காவல்காரப் பெரியவர் முந்திரிக்கொத்துப் பொட்டலத்தைப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தார். என்னிடம் கொடுத்தார். அதை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். தின்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவன் மயக்க மருந்து முழுதாகத் தெளியாமல் படுத்திருந்தான். கணுக்காலும் முழங்காலும் நொறுங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"முந்திரிக்கொத்து கெடச்சிச்சா சார்?"

"கெடச்சுது."

"மணல்ல சறுக்கிட்டுன்னு சொல்லுகானுவ. எனக்கு மணல் தெரியல சார். பிரேக்க புடிச்சேன், புடிக்கவே இல்ல." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "நீங்க எழுதினத எல்லாம் டிக்கு போட்டுத்தான் எடுத்தேன். எதையாவது விட்டுட்டனா சார்?"

நான், "இல்ல தாஸு, நீ எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்க" என்றேன்.

பொய் இல்லை, பாருங்கள். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் ஆறுதல் சொல்லுகிற குரலில் சொன்னேன். தப்புச் செய்தவனைத் தேற்றுகிற குரல். அவன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். "டேக்கில் இல்லாதது மெஷினில் இல்லைல்லா சார். அப்ப நாந்தான் எதையோ விட்டிருக்கேன்" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல காரணங்கள் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம்தான் என் குடும்பத்துக்கு விசா வர இருந்தது. மனைவியும் நாலு வயது மகனும் வர இருந்தார்கள், அந்த நேரத்தில் விசாரணை, கம்ப்ளெயின்ட் என்று எதுவும் வேண்டாம் என்று நினைத்ததாக ரொம்ப வருடம் நம்பினேன். உண்மையில் என் வேலை போயிருக்காது. அது கம்பெனி வண்டிகூட இல்லை. இருபது பேர் முன்னால் நிறுத்தி அவனை வாசிக்க வைத்தவன் நான். அதே இருபது பேர் முன்னால் என் அட்டையை யாராவது வாசித்துவிடுவார்களோ என்ற வெட்கம். அவ்வளவுதான் காரணம்.

மூன்று மாதத்தில் அவனை வேலைக்குத் தகுதியில்லை என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஊன்றுகோலோடு இறங்கி, "சார், பயங்கொள்ளாதீங்க. நம்மூர்ல நூறு போட்டு கெடக்கு. நூறு போட்டுக்கும் இஞ்சின் கெடக்கு. ஃபிட்டருக்குக் கால் எதுக்கு, கையி இருந்தா போதும்" என்றான். அதைப் பிடித்துக்கொண்டு நானும் நிம்மதியாகத் தூங்கினேன், பதினோரு வருடம்.

பதினோராவது வருடம் உறவினர் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனபோது அவன் ஊருக்கும் போனேன். தெருவில் கேட்டதும் காட்டினார்கள். ஐஸும் தூண்டில் நரம்பும் வலைநூலும் விற்கும் சின்னக் கடை. நொண்டிக்கொண்டே வந்து கட்டிப்பிடித்தான். மகளைக் கூப்பிட்டு, "இதுதான் எனக்க இன்ஜினியர் சாரு" என்று காட்டினான். கலர் உடைத்துக் கொடுத்தான். பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். இடுப்புவரை ஈரம்.

"அண்ணே, இஞ்சின் எடுக்க மாட்டேங்கு. ஒரு கை வந்து பாரும்."

"நான் பாக்க மாட்டேம்லே. கொளச்சலுக்குக் கொண்டு போ."

"கொளச்சல் போய் வர நேரம் ஆவும்லா. நீரு கல்புல ஃபிட்டராட்டுதான இருந்தீரு?"

"இருந்தேன். இப்ப இல்ல. போலே."

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் அவனிடம் ஏன் என்று கேட்டேன். அவன் ஐஸ் பெட்டியின் மேலிருந்த சாக்கைச் சரிசெய்தான்.

"கடலுக்குள்ள போற ஆளுவ சார். எனக்க கையி எதையாவது விட்டுடும். அஞ்சு வரில ஒண்ண விட்ட கையில்லா. டிக்கும் போட்டிருக்கேன், விட்டும் இருக்கேன். அப்ப எனக்க டிக்க நானே எப்பிடி நம்புவேன்?"

கையில் கலர் பாட்டில். எதிரே அவன். பக்கத்தில் யாருமில்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் இருக்க முடியாது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு தாஸு" என்று எழுந்துவிட்டேன். முதல் தடவை சொல்லாததற்காவது வெட்கம் என்று ஒரு காரணம் இருந்தது. இந்த இரண்டாவதற்கு இன்றுவரை நான் ஒரு காரணமும் கண்டுபிடிக்கவில்லை.

செல்போன் வந்த பிறகு எங்கள் பழக்கம் மறுபடி துளிர்த்தது. நாலைந்து வருடமாகத் தினமும் காலை ஆறரைக்கு அவனிடமிருந்து ஒரு படம் வரும். ரோஜாப்பூ, சூரியன், பறக்கும் புறா, அதன் மேல் 'இனிய காலை வணக்கம்', கீழே ஒரு வேத வசனம். என் மனைவி இருந்தவரை கிண்டல் செய்வாள், "உங்க அலாரம் அடிச்சிடுச்சு" என்று. நான் கும்பிடும் கையொன்றைப் பதிலாக அனுப்புவேன். சில நாள் அதுவும் மறந்துவிடும். அவன் ஒரு நாளும் மறந்ததில்லை.

மகன் டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிய அன்று மேலே வந்து, அலமாரியில் பழைய பாஸ்போர்ட்டுகள் இருக்கும் உறையைத் திறந்தேன். அட்டை அதில்தான் இருக்கிறது. எத்தனையோ வீடு மாறியும் தூக்கிப்போடவில்லை. ஏன் வைத்திருந்தேன் என்றும் தெரியவில்லை. உட்கார்ந்து போனை எடுத்தேன். வழக்கமாக நான் கூப்பிடுவதில்லை. அதனால் எடுத்ததுமே, "என்ன சார், ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?" என்றான்.

ஒடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, ஆகஸ்ட் மதியத்திலிருந்து தொடங்கிச் சொன்னேன். துருப்புள்ளி, எண்ணெய், பேனா இல்லாதது, ஏசி, தின்னர், மணல். நடுவில் அவன் குறுக்கிடவில்லை. சொல்லி முடித்தேன். பின்னால் எங்கோ மிக்ஸி ஓடி நின்றது.

"அப்ப அஞ்சும் சரியாத்தான் இருந்திச்சா?"

"அஞ்சும் சரி."

"ஆறாவதா ஒண்ணு இருந்திருக்கு."

"ஆமா."

"நீங்க எழுதல."

"எழுதல தாஸு."

"நான் ஆஸ்பத்திரில வச்சி கேட்டேம்லா சார், எதையாவது விட்டுட்டனான்னு."

"கேட்ட."

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் ஒரு கணக்கைச் சரிபார்க்கிறவன் மாதிரியே பேசினான்.

"முப்பத்திரண்டு வருசம் சார். கண்ண மூடினா அந்த அஞ்சையும் வரிசையா ஓட்டிப் பாப்பேன். துணி எடுத்தேன். பிளக்க கழத்துனேன். எதுல விட்டேன், எதுல விட்டேன்னு." பிறகு, "அந்த அட்ட இருக்கா ஒங்க கிட்ட?" என்றான்.

"இருக்கு."

"அனுப்பித் தாங்க. எனக்க மவளுக்குக் காட்டணும்."

"அனுப்புறேன். தாஸு, நான்—"

"வைக்கேன் சார்."

மறுநாளே கூரியரில் அனுப்பினேன். உறையில் போடுவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்தேன். மஞ்சள் போய் அட்டை வெளுத்திருந்தது. என் கையெழுத்து இருந்த இடத்தில் நீலமாக ஒரு கறை. எழுதிய ஐந்து வரிகளையும் இப்போது யாராலும் வாசிக்க முடியாது. அவன் போட்ட ஐந்து டிக்கில் மையே இல்லை. ஆனால் விரலால் தடவினால் ஐந்தும் பள்ளமாகத் தட்டுப்பட்டன.

ஆறு நாளில் உறை போய்ச் சேர்ந்துவிட்டதாகவும், அவனே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதாகவும் கூரியர்காரர்களிடமிருந்து செய்தி வந்தது.

ருவைஸில் எங்கள் முகாம் இப்போது இல்லை. இடித்துவிட்டு அந்த இடத்தில் வேலி போட்டிருக்கிறார்கள். கொட்டகையும் அந்தச் சரிவும் எந்த இடத்தில் இருந்தன என்று, போன வருடம் மகனோடு அந்த வழியாகப் போனபோது என்னால் காட்ட முடியவில்லை. மஞ்சள் அட்டையும் போய்விட்டது, இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் பதிகிறார்களாம். இதெல்லாம் போனதில் எனக்கு வருத்தம் என்று சொன்னால் அது வேஷம்.

போனில் பேசிய நாளுக்கு மறுநாளிலிருந்து அந்தக் காலை வணக்கம் நின்றுவிட்டது. ஆறரைக்கு எனக்குத் தானாக விழிப்பு வருகிறது. நாலைந்து நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, இப்போது நானே அனுப்புகிறேன். பூவும் புறாவும் எங்கே தேடுவது என்று மகன்தான் காட்டிக்கொடுத்தான். அனுப்பிய ஐந்து நிமிடத்தில் அவன் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுகிறது. பதில் வருவதில்லை.